மூன்று பிரபஞ்சங்களும் ஒரு முகமும்

என் நாத்தனாரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது என் கணவர், "உனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தமாச்சே, நீ எழுதினா நல்லதாவா வரும்?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரே சமையலறையில் அவளோடு இடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். இவர் எழுதினால் தங்கச்சிப் பாசத்தில் மெழுகி விடுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற எனக்கு எதையும் கிட்ட வைத்துப் பார்த்துத்தான் பழக்கம். அதனால் நானே எழுதுகிறேன்.

என் மாமனாருக்கும் மாமியாருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவர்கள் பெற்ற இரண்டுக்கும் பாம்புக் காது. மூத்தவர் என் கணவர், மின்சார வேலை செய்பவர். இளையவள்தான் நான் சொல்ல வந்தவள்.

காது கேளாதவர்கள் வீடு அமைதியாக இருக்கும் என்று நம்பித்தான் வாழ வந்தேன். வந்த அன்றே ஏமாந்தேன். மாமியார் பாத்திரத்தைக் கீழே வைத்தால் தெருக்கோடியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையை ஓங்கி மிதிப்பார்கள். வாசலில் யாராவது பொத்தானை அழுத்தினால் எல்லா அறையிலும் விளக்கு மினுங்கும். அது என் கணவரின் கைவேலை. ஆகவே சில நாள் யாரும் வராமலே மினுங்கும். மாமனார் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்திர இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர் அந்தக் கோடியில் இருப்பவரோடு நிம்மதியாகக் கையால் கதை பேசிக்கொண்டிருப்பாராம். வீட்டில் சண்டை வந்தால் மாமியார் கண்ணை மூடிக்கொள்வார். அதோடு சண்டை முடிந்தது. மூடிய கண்ணிடம் யார் போய் என்ன நியாயம் பேசுவது?

அவர்கள் உலகத்தில் ஆளுக்கொரு கைப்பெயர் உண்டு. நாத்தனாருக்குக் கன்னத்தில் விரலால் ஒரு குத்து, சிரித்தால் அங்கே குழி விழும் என்பதால். எனக்கு வந்த வாரமே மூக்கு நுனியில் ஒரு விரலை வைத்துவிட்டார்கள். மூக்கின் மேல் கோபம் உள்ளவள் என்று அர்த்தமாம். அது தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து, பெயர் பொருத்தமாக இருக்கிறது என்று அதையே உறுதி செய்துவிட்டார்கள். இதில் நான் அவளைக் கன்னக்குழி என்றே சொல்லப் போகிறேன். இன்னொன்று, இங்கே வருகிற பேச்சில் பாதி கையால் பேசியது. படிக்கிறவர்களுக்கு வசதியாக எல்லாவற்றையும் வாயால் பேசியது போலவே எழுதுகிறேன்.

கன்னக்குழி சைகை மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், வங்கி, பள்ளிக்கூடம் என்று காது கேளாதவர்கள் எங்கே போனாலும் கூடப் போவாள். அவர்கள் கையை இவள் குரலாக்குவாள், எதிரே இருப்பவரின் குரலை இவள் கையாக்குவாள். ஒரு தடவை காது கேளாத ஒருவருக்கு வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில், வீட்டுக்காரர் இவள் பக்கம் குனிந்து, "இவங்களுக்கு வீடு குடுத்தா தொல்லைம்மா. இதை அவர்கிட்ட சொல்லிடாதே" என்று கிசுகிசுத்தார். இவள் அதை அப்படியே கையால் சொன்னாள். குனிந்ததையும், கிசுகிசுப்பையும், 'சொல்லிடாதே' என்றபோது அவர் சிரித்த அசட்டுச் சிரிப்பையும் ஒன்று விடாமல் சொன்னாள். வீடு தேடி வந்தவர் எழுந்து, அதே அசட்டுச் சிரிப்பை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ஏன் இப்படி வம்பை விலைக்கு வாங்குகிறாய் என்று நான் கேட்டால், "நான் அங்க இல்லவே இல்ல அண்ணி. ரெண்டு பேரு பேசிக்கிறாங்க, அவ்வளவுதான்" என்பாள். அவளுடைய தொழில் தர்மம் அது. இப்பேர்ப்பட்டவள் சறுக்கியது பிரபஞ்சத்தில்.

எங்கள் ஊர் அறிவியல் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று மூன்று விஞ்ஞானிகள் மூன்று விதமாகச் சொல்லப் போவதாக அறிவிப்பு. காது கேளாதோர் சங்கம் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டு, முன்வரிசைகளை வாங்கிவிட்டது. சங்கத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள், என் மாமனார்தான். மேடை ஓரத்தில் கறுப்பு உடையில் கன்னக்குழி நின்றாள். கை தெரிய வேண்டும் என்பதற்காக எப்போதும் கறுப்புதான் போடுவாள்.

விஞ்ஞானிகள் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் முன்வரிசையில் மூவருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. உச்சந்தலையில் முடியை அள்ளி முடிந்திருந்த அம்மாள் 'கொண்டை'. பேசும்போதெல்லாம் இடுப்பில் கால்சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்ட ஒல்லி மனிதர் 'பெல்ட்'. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் கழுத்தில் கை வைத்துக் கனைத்த பெரியவர் 'தொண்டை'. கனைப்பு அவர்களுக்குக் கேட்காது, ஆனால் கை போகிற இடம் தெரியுமே.

கொண்டை சொன்னது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். எல்லாமே ஒரு காலத்தில் மிக நெருக்கமாக, தாங்க முடியாத சூட்டில் இருந்தது. அது விரிந்து, ஆறி, இன்றைக்கு நட்சத்திரமும் நாமுமாக நிற்கிறோம். ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடம் ஆகிறது. அந்தச் சூட்டின் மிச்சம் இன்னும் வானம் முழுக்கப் பரவியிருப்பதைக் கருவி வைத்துப் பார்க்கலாம். தொண்டை இதை ஒப்பவில்லை. விரிவது உண்மை, ஆனால் ஆரம்பம் என்று ஒன்று கிடையவே கிடையாது, விரிகிற இடைவெளியில் புதுப் பொருள் துளித்துளியாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது, ஆகவே பிரபஞ்சம் என்றைக்குப் பார்த்தாலும் இதே மாதிரிதான் இருக்கும் என்றார். அந்தக் கருத்தை அநேகமாக எல்லோரும் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று என்று கொண்டை சொன்னபோது அவர் தலையாட்டி ரசித்தார். பெல்ட் சொன்னது நடுவாந்திரம். கொண்டை சொல்கிற அந்தச் சூடான நேரம் உண்டு, ஆனால் அது ஆரம்பம் இல்லை, திருப்பம். அதற்கு முன்னாலும் ஒரு பிரபஞ்சம் இருந்தது, அது சுருங்கிச் சுருங்கி வந்து, இனிமேல் சுருங்க முடியாது என்ற நிலையில் திரும்பி விரிய ஆரம்பித்தது.

பெல்ட் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. முதலில் ஒருவர், பிறகு அந்த வரிசை முழுக்க. காது கேளாதவர்களுக்குச் சிரிப்பை அடக்கிச் சிரிக்கத் தெரியாது, மண்டபம் அதிர்ந்தது. பெல்ட் பேச்சை நிறுத்திவிட்டு அவசரமாகக் குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு பாதுகாப்புக்கு இன்னொரு தடவை இழுத்து விட்டுக்கொண்டார். சிரிப்பு இரட்டிப்பாயிற்று. பாவம், மிச்சப் பேச்சை மென்று முழுங்கிவிட்டு உட்கார்ந்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று பின்வரிசையில் இருந்த எனக்குப் புரியவில்லை. மேடையில் நின்ற கன்னக்குழிக்கும் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் புரிந்தது. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் சங்கம். நாற்காலிகளை எப்போதும் வட்டமாகப் போடுவார்கள், எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரிய வேண்டுமே. அன்று பேச்செல்லாம் பிரபஞ்சம்தான். மாமனார் தொண்டை கட்சி. ஆரம்பமே இல்லை என்பது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமியார் கொண்டை கட்சி. பெல்ட் கட்சிக்கு ஆளே இல்லை.

"அந்த ஆளே நம்பாத விஷயத்தை எதுக்கு மேடையேறிச் சொல்றாரு?" என்றார் ஒருவர். "சொல்லும்போதே அவர் மூஞ்சியில நம்பிக்கை இல்லையே. அதான் சிரிப்பு வந்துடுச்சு."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் கை சும்மா இருக்காது. "யாரு சொன்னா? அவரு நல்லா அழுத்தமாத்தான் பேசினாரு. குரல்ல தயக்கமே இல்ல. நான் கேட்டேனே" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. வட்டத்தில் இருந்த அத்தனை தலையும் மெதுவாகக் கன்னக்குழி பக்கம் திரும்பின.

அவர்கள் பேச்சில் முகம்தான் குரல். கை சொல்வது சொல்லை. அது உறுதியா, சந்தேகமா, கேலியா என்று சொல்வது முகம். என் கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். பெல்ட் பேசப் பேச, கன்னக்குழியின் கை ஒரு பிழையும் இல்லாமல் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது, உதடு ஒரு ஓரமாக இழுத்திருந்தது. 'நான் ஏதோ உளர்றேன், நீங்க கண்டுக்காதீங்க' என்று பெல்ட்டே சொல்வது போல் இருந்தது.

"சுருங்கிப் போனது திரும்பி வரும்னு சொன்னதும் எனக்கே வேடிக்கையா இருந்துச்சு" என்றாள் கன்னக்குழி. முகம் செத்துவிட்டது. "மூஞ்சி தானா போயிடுச்சு. எனக்குத் தெரியவே இல்ல."

இதோடு விட்டிருந்தால் கேலியோடு போயிருக்கும். வட்டத்தில் தச்சர் இருந்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் காது கேட்காது. மனைவி மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை ஆகிப் படுத்திருந்தார். டாக்டரிடம் பேச உடன் போனவள் கன்னக்குழிதான். தச்சர் அவளையே பார்த்தபடி எழுந்து நின்றார்.

"என் மனைவி திரும்ப நடந்துடுவாங்கன்னு டாக்டர் சொன்னதா நீ சொன்னே. அப்ப உன் முகத்துல நல்ல நம்பிக்கை இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் நான் போய் அவகிட்ட தைரியம் சொன்னேன். அது டாக்டரோட நம்பிக்கையா, உன்னோடதா?"

கன்னக்குழியின் கைகள் மார்பு வரை எழுந்தன. அங்கேயே நின்றன. பிறகு மடியில் இறங்கிவிட்டன. அவளுக்கே தெரியவில்லை. சின்னப் பிள்ளையாக அந்த வட்டத்தின் நடுவில் தவழ்ந்தவள் அவள். அங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். அவர்கள் நம்பவில்லை என்றால் அவளுக்குத் தொழில் மட்டுமா போகும்?

அடுத்த மாதம் அதே மூன்று பேரும் நேருக்கு நேர் வாதம் செய்யப் போவதாக இருந்தது. வெளியூரிலிருந்து வேறு ஆளை வரவழைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைவர் என்ற முறையில் மாமனார் முடிவு சொன்னார். "இந்தக் கூட்டத்துக்கும் இவளே நிக்கட்டும். பார்த்துட்டு சங்கம் முடிவு பண்ணட்டும். வேண்டாம்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து வேற ஆள். நான் அதுல கை தூக்க மாட்டேன், எனக்கு இவ பொண்ணு." தச்சர், "அதுவரைக்கும் நான் டாக்டரைப் பார்க்கப் போகலை" என்றார்.

வீட்டில் அடுத்த சில நாள் சமையலறை ஒத்திகைக் கொட்டகை ஆயிற்று. நான் உருளைக்கிழங்கு உரிப்பேன், மாமியார் நறுக்குவார், கன்னக்குழி அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் நின்று பிரபஞ்சத்தைச் சுருக்கி விரிப்பாள். என் கணவர் யோசனை சொல்ல வந்துவிட்டார். "முகத்துலதானே தப்பு? கல்லு மாதிரி வெச்சுக்கோ. ஒண்ணுமே காட்டாதே." அவள் அப்படியே செய்து காட்டினாள். மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மயக்க மருந்து குடுத்த ஆளு பேசுற மாதிரி இருக்கு. இதை யாரு உக்காந்து பார்ப்பா?"

பிறகு பெரிய நம்பிக்கை வரவழைத்துக்கொண்டு செய்தாள். "இப்ப சோப்பு விக்கிற மாதிரி இருக்கு" என்று மாமியார் மறுபடி நறுக்கத் தொடங்கினார். கன்னக்குழி முக்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் கையால் முகத்தை மூடுவதென்றால் வாயையும் காதையும் சேர்த்து மூடுவது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க உக்காந்து எங்க மூஞ்சியைப் பார்த்து என்ன கத்துக்கப் போறே? அந்த ஆளுங்க மூஞ்சியைப் போய்ப் பாரு. கிளம்பு, நானும் வரேன்" என்றேன்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைப் பல்கலைக்கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெல்ட்டின் அறையில் ஆள் இல்லை, ஒரு சைக்கிள்தான் நின்றது. கேன்டீனில் இருப்பார் என்றார்கள். போய்ப் பார்த்தால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் அடித்துக்கொண்டவர்கள் இங்கே ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கன்னக்குழி நேரே பெல்ட்டிடம் போனாள். "சார், அன்னைக்கு அவங்க சிரிச்சது உங்களைப் பார்த்து இல்ல. உங்க பேச்சை நான் தப்பான முகத்தோட சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

பெல்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படியா? நான் அன்னைக்கே போய் புது பெல்ட் வாங்கிட்டேன்மா" என்று எழுந்து காட்டினார். காட்டிவிட்டுப் பழக்கதோஷத்தில் புது பெல்ட்டையும் இழுத்து விட்டுக்கொண்டார். அவருக்கு முன்வரிசையில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். கோபிக்கவில்லை, அந்தச் சைகையைக் கற்றுக்கொண்டு மற்ற இருவரிடமும் செய்து காட்டினார். எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க சார், நீங்க இதை நம்புறீங்களா?" என்று கன்னக்குழி கேட்டாள்.

பெல்ட் கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தார். "நம்புறேன்னு சொல்ல மாட்டேன்மா. ஆசைப்படுறேன்னு சொல்லலாம். கணக்கு போடும்போது இப்படி இருந்திருக்கலாமேன்னு தோணுது. கூட்டுத்தொகை வந்து சேரும்போது ஒரு சந்தோஷம் வருது. நாளைக்கே ஒரு அளவு எதிரா வந்துச்சுன்னா விட்டுடணும். விட்டுடுவேன். ரெண்டு நாள் சாப்பாடு இறங்காது."

"யாருக்கு, உங்களுக்கா?" என்று கொண்டை அவர் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்துக்கொண்டார்.

தொண்டை கழுத்தில் கை வைத்தார். "என் கட்சி தோத்துப் போனது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நல்லாத் தெரியும். ஆனா எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்துட்டா எதிர்ப்பக்கம் இருந்து கேள்வி கேட்க ஆள் வேணும்ல?"

"இவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் பாதி வேலையே பார்த்தேன்" என்றார் கொண்டை. "மிச்சச் சூட்டைப் பத்திக் கேளுங்க, அடிச்சுச் சொல்வேன்" என்று விரலால் மேசையைத் தட்டினார். "அந்த முதல் நொடிக்கும் முன்னாடி என்னன்னு கேட்டா..." என்றபோது அந்த விரல் மேசையை விட்டுக் கொண்டைக்குப் போய்விட்டது. "அங்க நான் வரலைம்மா."

கன்னக்குழி டீயைத் தொடவே இல்லை. அவர்கள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடை கட்டிய அவள் டீயையும் நானே குடித்தேன்.

பஸ்ஸில் வரும்போது அவள் என்னிடம் கையாலேயே பேசினாள். "பெல்ட்டுக்கு மட்டும்தான் தப்பு பண்ணினேன்னு நினைச்சேன் அண்ணி. கொண்டை தெரியாதுன்னு சொல்ற இடத்துல நான் அடிச்சுச் சொல்லியிருக்கேன். தொண்டைக்கு, அவர் கேட்காத பரிதாபத்தைப் போட்டிருக்கேன். மூணு பேரு முகத்துலயும் என் மூஞ்சிதான் இருந்திருக்கு." பக்கத்து இருக்கைக்காரர் எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்? ஏழாம் பொருத்தம் எல்லாம் அன்றைக்கு எங்கோ போய்விட்டது.

இரண்டாவது கூட்டத்துக்கு மாமியார் புது உடுப்பு போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். தச்சர் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். கை கட்டிக்கொள்வது அவர்களிடையே மௌன விரதம். மேடை ஓரத்தில் கன்னக்குழி நின்றாள்.

கொண்டை ஆரம்பித்தார். கன்னக்குழியின் தோள் நிமிர்ந்தது, விரல் காற்றில் அடித்துச் சொன்னது. சூட்டின் மிச்சம் என்றபோது முகத்தில் அசைக்க முடியாத உறுதி. பெல்ட் எழுந்ததும் அவள் உடம்பே ஒல்லியானது போல் இருந்தது. சுருங்குகிற பிரபஞ்சத்தைக் கைக்குள் கொண்டுவரும்போது, தன் குழந்தை செய்த குறும்பைச் சொல்ல வருகிறவர் மாதிரி முன்னால் சாய்ந்தாள். இனி சுருங்க முடியாது என்ற இடத்தில் மூச்சு நின்றது. விரிந்தபோது, இது பொய்யாகப் போய்விடக் கூடாதே என்ற தவிப்பும் சேர்ந்து விரிந்தது. முன்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தொண்டை பேசியபோது கண் முதலில் சிரித்தது, பிறகுதான் கேள்வி வந்தது.

அப்புறம் மூன்று பேரும் கேன்டீனில் இருப்பதாக நினைத்துக்கொண்டுவிட்டார்கள். ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் பாய்ந்தார். இவள் ஒருத்திதான் மூன்று பேராகவும் நிற்க வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் கொண்டை, வலப்பக்கம் பெல்ட், நேரே தொண்டை. கொண்டையாக ஒரு அடி அடித்துவிட்டு, பெல்ட்டாக அதை வாங்கிக்கொண்டு, தொண்டையாக இரண்டு பேரையும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். காது கேட்கிற கூட்டமும் விஞ்ஞானிகளை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தது. வியர்வை வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

கேள்வி நேரத்தில் மாமனார் எழுந்தார். "எல்லாத்துக்கும் முன்னாடி என்ன இருந்துச்சு? மூணு பேரும் சொல்லணும்."

கொண்டை, "தெரியாது" என்றார். பெல்ட், "தெரியாது" என்றார். தொண்டை கனைத்துவிட்டு, "தெரியாது" என்றார். காதுக்கு அது ஒரே சொல் மூன்று தடவை. கன்னக்குழியிடம் மூன்றும் மூன்றாக வந்தன. கொண்டையுடையது, கதவைச் சாத்திவிட்டுக் கைகட்டி நிற்கிற தெரியாது. பெல்ட்டுடையது, யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிற தெரியாது. தொண்டையுடையது, உனக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லேன் என்று சீண்டுகிற தெரியாது. முன்வரிசை வெடித்துச் சிரித்தது. பெல்ட் இந்தத் தடவை கால்சட்டையைப் பார்க்கவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார். அத்தனை பேரும் கைகளை மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அது அவர்களுடைய கைதட்டல்.

வெளியே படிக்கட்டில் சங்கத்தார் கூடி நின்றபோது மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று மாமனார் கேட்டார்.

"என் பொண்ணைப் பார்க்கத்தான் இவ்வளவு அலங்காரம் பண்ணிட்டு வந்தேன். கூட்டம் முழுக்கத் தேடினேன். அந்த மூணு பேருதான் மாத்தி மாத்தி நின்னாங்க. இவளைக் காணவே காணோம்."

மாமனார் சங்கத்தாரை ஒரு சுற்றுப் பார்த்தார். முடிவு எடுக்கக் கை தூக்கச் சொல்ல வேண்டிய தேவை அதற்குப் பிறகு யாருக்கும் தோன்றவில்லை. கன்னக்குழி அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள், அழவும் செய்தாள். மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் குறை சொன்னா இவ ஏன் என்னைக் கட்டிக்கிறா?" என்று என்னைக் கேட்டார்.

தச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்கணும். நீ வரணும்" என்றார். பிறகு, "நல்லதோ கெட்டதோ, அவர் முகத்தை அப்படியே கொண்டு வா" என்றார்.

"கொண்டு வரேன்" என்றாள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். அந்த டாக்டர் சிரிப்பதற்குக் கூலி கேட்கிற ரகம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். கன்னக்குழியும் சுருக்கினாள். தச்சரின் மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் படத்தைக் கீழே வைத்து, "எலும்பு கூடிடுச்சு. இன்னைக்கே நடக்க ஆரம்பிக்கலாம். வலிக்கும். ஆனா நடந்துடுவாங்க" என்றார். சொல்லும்போது அவர் உதடு ஒரு ஓரத்தில் மட்டும், போனால் போகிறது என்று கொஞ்சம் சிரித்தது.

கன்னக்குழியின் கை அதைச் சொன்னது. வலிக்கும் என்பதை ஒளிக்கவில்லை. உதடு அதே ஓரத்தில், அதே அளவுக்குச் சிரித்தது, ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தச்சர் டாக்டரை ஒரு தடவை பார்த்தார், இவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த மனைவியின் செருப்பை எடுத்துத் தூசி தட்டி, அவர் காலுக்கு நேராக வைத்தார்.